வெட்டி எறிந்த பதினெட்டு விநாடிகள்

செவ்வாய்க்கிழமை, மாசி மாதம், காலை 11.50. சென்னையிலிருந்து வந்த அரசுப் பேருந்து சமயபுரத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் என்னை இறக்கிவிட்டுத் திருச்சிக்குள் போய்விட்டது. கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்கு ஏறியிருந்தேன். டிக்கெட் முந்நூற்று முப்பது ரூபாய். தோள்பையில் மடிக்கணினியும் வன்தட்டும் உள்ளங்கையளவு ஒலிபெருக்கியும் ஒரு கேசட்டும் இருந்தன. மாற்றுடை இரண்டு. அவ்வளவுதான் சுமை.

ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை. கொள்ளிடம் பாலத்தில் போகும்போது, கோயிலுக்கா என்று விசாரித்தார். ஒருவர் வீட்டுக்கு என்றேன். விசேஷமா என்றார். இல்லை என்றேன்.  ஆற்றில் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. மற்றதெல்லாம் மணல்.

நான் எதற்காக அந்த வீட்டுக்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவது என் தொழில். பெரம்பூரில் ஒரு சிறிய அறையில் பதினான்கு ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். மாற்றியவற்றில் உரியவர்கள் சம்மதிப்பதை ஓர் இணையத் தொகுப்பில் ஏற்றி வைப்பேன். யாரும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. ‘உரியவர்கள்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நாடாவை வைத்திருப்பவர்களை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கத்திலிருந்து சூடாமணி என்ற அம்மையார் ஓர் அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகள் அனுப்பினார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய தந்தை கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்; நாற்பது ஆண்டுகளுக்கு முன் விடுமுறை நாள்களிலெல்லாம் துறையூருக்கு மேலே பச்சைமலைக்குப் போய், அங்கே வாழும் பழங்குடி மக்களான மலையாளிகளின் பாட்டுகளைப் பதிவு செய்தவர். (கேரளத்தோடு தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர்.) அப்பாவின் உழைப்பு வீணாகக் கூடாது, எல்லாவற்றையும் உலகம் கேட்கட்டும் என்று சூடாமணி எழுதியிருந்தார். அப்படியே ஏற்றினேன். 

அவற்றில் ஒன்று சாவுப் பாட்டு. ஒரு பெண்ணின் குரல், பின்னால் பலர் அழுகிற ஓசை. அதை யாரோ எடுத்து, கீழே மேளத்தைச் சேர்த்து, செல்போனில் பார்க்கிற குட்டி வீடியோக்களுக்குப் பின்னணியாக விட்டார்கள். அது பரவியது. பெருமையாகக்கூட இருந்தது எனக்கு. 

தை மாதக் கடைசியில் ஒரு போன் வந்தது. பேசியவர் பெயர் சின்னராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை. மலைமேல் உள்ள ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். சின்னராசு குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஏற்றிப்போகும் மினி லாரி ஓட்டுபவர். வண்டி பழுதாகி ஒருநாள் துறையூரிலிருந்து பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். முன் இருக்கையில் ஒருவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்கம்மா செத்துப் பதினாறு வருஷம் ஆச்சுங்க” என்றார் போனில். “பஸ்ல பாடுது.”

அன்றைக்கே என் தொகுப்பிலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் அது பாதிதான். அந்தப் பாட்டு, அவருடைய அம்மா பக்கத்து வீட்டுச் சாவில் பாடியது. செத்தவர் இப்போதைய ஊர்க் கவுண்டரின், அதாவது ஊர்த் தலைவரின், அப்பா. பாட்டில் அவர் பெயர் வருகிறது, அவருடைய மனைவியின் அழுகை கேட்கிறது. எழவு வீட்டுக்கு வெளியே அந்தப் பாட்டை அவர்கள் பாடுவதே கிடையாது. காசு வாங்கிக்கொண்டு கவுண்டர் வீட்டு எழவை டேப் பெட்டியில் பிடிக்கவிட்டாள் என்று செத்துப்போன அம்மாவைப் பற்றி ஊரில் பேச்சாகிவிட்டது. அம்மாவுக்குப் பிறகு சாவு வீடுகளில் பாடி வந்தவர் சின்னராசுவின் அக்கா பொன்னாயி. அந்த வீடியோ மலைக்கு வந்த பிறகு ஊரில் இரண்டு சாவு விழுந்தது. இரண்டுக்கும் பொன்னாயியைக் கூப்பிடவில்லை.

போனை வைத்த பிறகு மூலக் கோப்பைத் திறந்தேன். நாடாவில் இருந்ததை இருந்தபடியே மாற்றி வைத்திருக்கும் கோப்பு அது. இணையத்தில் ஏற்றியது சுத்தம் செய்யப்பட்ட பிரதி: இரைச்சலைக் குறைத்து, பாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பேச்சை வெட்டி எடுத்தது. எல்லாப் பதிவுக்கும் அப்படித்தான் செய்வேன். இந்தப் பாட்டுக்கு முன்னால் நான் வெட்டியது பதினெட்டு விநாடி. அதைக் கேட்டேன். முன்பே கேட்டிருந்தேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருக்கத்தான் வேண்டும். 

அந்தப் பதினெட்டு விநாடியைச் சூடாமணி அம்மாவுக்குப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நேரில் வந்தேன்.

பகல் 12.20. கீழ உத்தர வீதியில், வெள்ளைக் கோபுரத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஓர் அடுக்ககத்தின் முதல் மாடி. சூடாமணி அம்மா கதவைத் திறந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். தனியாக இருக்கிறார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் கொடுத்தார். தளிகை ஆகிவிட்டது, முதலில் சாப்பாடு, அப்புறம் பேச்சு என்றார். சாத்தமுது என்று அவர்கள் சொல்லும் ரசமும் வாழைக்காய்க் கறியமுதும். சாப்பிடும்போதெல்லாம் அப்பாவைப் பற்றியே பேசினார். டேப் ரிக்கார்டர் வாங்கச் சைக்கிளை விற்றது, மலையில் அட்டை கடித்த காலோடு வந்து நின்றது, அங்கிருந்து சாமை கொண்டுவந்து அம்மாவைப் பொங்கச் சொன்னது. 

இரண்டு மணிக்குக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். சின்னராசு சொன்னதை எல்லாம் சொன்னேன். பிறகு, இதைக் கேட்டுவிட்டு என்ன செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள் என்று பதினெட்டு விநாடியை ஓடவிட்டேன்.

பெண்ணின் குரல்: “ஐயா, இதப் பொட்டில புடிக்காதீங்க. எழவுப் பாட்டு. நிறுத்திருங்க.”

ஆணின் குரல்: “நிறுத்திட்டேன்மா.”

“நெசமா?”

“நிறுத்தியாச்சு.”

பிறகு அதே பெண், சற்றுத் திரும்பி, வேறு யாரிடமோ: “பொன்னாயி, ஆடு உள்ள வருது பாரு, ஓட்டு.”

அதற்கடுத்த மூச்சில் பாட்டு தொடங்கும். அதற்குமுன் நிறுத்தினேன்.

சூடாமணி அம்மா இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். 

“அப்பா குரல்தான்” என்றார். பிறகு, “அப்பாக்கு மெஷின் ஒண்ணும் சரியாத் தெரியாது. பட்டனை மாத்தி அமுக்கியிருப்பார்” என்றார்.

எனக்கும் அப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரில் எந்தப் பட்டனை அமுக்கினாலும் நாடாவில் ‘டக்’கென்று ஒரு சத்தம் விழும். பாட்டு முடிந்த பிறகு அந்தச் சத்தம் இருக்கிறது. நிறுத்தியாச்சு என்று அவர் சொல்லும் இடத்தில் இல்லை. ஆட்டின் கழுத்து மணி விட்டுப்போகாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர் எந்தப் பட்டனையும் தொடவில்லை. இதைச் சொன்னேன்.

சூடாமணி அம்மா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் பழுப்பேறிய நோட்டுப்புத்தகம் ஒன்று. மற்றக் கேசட்டுகள் எல்லாம் எண் போட்டு மரப்பெட்டியில் இருந்தன, இந்தக் கேசட் மட்டும் தனியே ஓர் உறையில், எண் இல்லாமல், அப்பாவின் சட்டைகளுக்கு அடியில் இருந்தது என்றார். விட்டுப்போனது என்று நினைத்து அவர்தான் அதையும் பெட்டியில் சேர்த்து எனக்கு அனுப்பியிருக்கிறார். நோட்டில் பாட்டுகள் எல்லாம் சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பயணத்துப் பக்கங்களில் இந்தப் பாட்டு மட்டும் இல்லை. அந்த இடத்தில் இரண்டே வரி: ‘இன்று நான் செய்தது சரியில்லை. இந்த நாடா யாருக்கும் தருவதற்கில்லை.’

“தெரிஞ்சுதான் பண்ணியிருக்கார்” என்றார் சூடாமணி அம்மா. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேனே.”

நான் மலைக்குப் போய் இந்தத் துண்டை ஊர் முன்னால் போட்டுக் காட்டினால் பொன்னாயியின் அம்மா மேல் வந்த பழி போகும். ஆனால் பொய் சொன்னவர் யார் என்பதும் தெரிந்துபோகும். அந்த மலையில் அவரை இன்னும் மரியாதையோடு நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் சம்மதம் இல்லாமல் போட மாட்டேன் என்றேன். 

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்தது. அந்தப் பெண் சம்மதிக்கவில்லை என்று டேப்பிலேயே இருக்கிறதே, அதை வெட்டும்போது யார் சம்மதத்தைக் கேட்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை.  

அன்று மாலை அவர் கோயிலுக்குப் போனார். நான் போகவில்லை. எட்டு மணிக்குத் திரும்பி வந்து, “காலமே முதல் பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். “நானே வரேன். அப்பா சார்பா யாராவது போகணுமே.”

புதன்கிழமை காலை 6.15. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய். அங்கிருந்து துறையூர் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். சூடாமணி அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் ஒரு கூடை. அதில் தயிர்சாதம், தண்ணீர், நோட்டுப்புத்தகம். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளின் உமி வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. அதற்கப்பால் வயல்கள், தென்னந்தோப்புகள். எங்களுக்குப் பின்னால் ஒருவர் போனில் பாட்டு வைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். சினிமாப் பாட்டு.

துறையூர் 7.40. இட்லி, காபி. இரண்டு பேருக்கும் சேர்த்து எண்பது ரூபாய். சூடாமணி அம்மா காபி மட்டும் குடித்தார். வெளியில் சாப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. 8.30க்கு மலை பஸ். உப்பிலியபுரம் தாண்டிச் சோபனபுரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி. அதற்குப் பிறகு சாலை மேலே ஏறத் தொடங்குகிறது. கொண்டையூசி வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கியது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. முந்திரி பூத்திருந்தது. கீழே துறையூர்ப் பக்கத்து ஏரிகள் தகடு தகடாக மின்னின. அழகான பாதை, இன்னொரு நாளாக இருந்தால் இதைப் பற்றியே நான்கு பக்கம் எழுதியிருப்பேன். 

டாப் செங்காட்டுப்பட்டியில் இறங்கும்போது மணி 10.10. சின்னராசு மினி லாரியோடு காத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான ஆள். என்னை எதிர்பார்த்திருந்தார், சூடாமணி அம்மாவை எதிர்பார்க்கவில்லை. யாரென்று சொன்னேன். அவர் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வணக்கம் சொன்னார். முன்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்று இருக்கையில் இருந்த மண்ணைத் துண்டால் தட்டிவிட்டார். ஆறு கிலோமீட்டர், பாதி தார், பாதி மண். 

ஊரில் அறுபது வீடு இருக்கலாம். பொன்னாயி வாசலில் நின்றிருந்தார். தம்பியைவிட இரண்டு வயது மூத்தவர், பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைப்பவர். வாங்க என்றார். வரக்காப்பி கொடுத்தார். விஷயம் முடிந்த பிறகுதான் சாப்பாடு என்றார். 

முதலில் பொன்னாயியிடம் மட்டும் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்கள் முன்னால் போடுவேன் என்று முடிவு செய்திருந்தேன். வீட்டுக்குள் உட்கார்ந்தோம். பாட்டு வராது, பேச்சு மட்டும்தான் என்று இரண்டு முறை சொன்னேன். அந்தப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தேன்.

அம்மாவின் குரல் வந்ததும் சின்னராசு தலையைக் குனிந்துகொண்டார். பொன்னாயி குனியவில்லை. ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் வந்த இடத்தில் உதடு மட்டும் அசைந்தது.

“அந்த ஆட்ட நான்தான் ஓட்டுனேன்” என்றார். “செவலை ஆடு.”

பிறகு சூடாமணி அம்மாவின் பக்கம் திரும்பி, ஊருக்கு முன்னால் இதைப் போட உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அறையில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய கடமை இல்லாதவர் அவர் ஒருவர்தான். அதற்காகத்தானே வந்தேன் என்றார் சூடாமணி அம்மா. 

பகல் 11.30. சமுதாயக் கூடத்தில் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஊர்க் கவுண்டர் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தார். அறுபது கடந்தவர், முழுக்கை பனியனும் வேட்டியும். சின்னராசு எங்களை யாரென்று சொன்னார். கவுண்டர் தலையசைத்தார். அப்பா செத்தபோது தனக்கு இருபது வயது என்றும், வாத்தியார் ஒருவர் மூலையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தது தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றும் சொன்னார். 

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பாட்டு எப்படி என்னிடம் வந்தது, நான் எப்படி ஏற்றினேன், எதை வெட்டினேன். பிறகு பதினெட்டு விநாடி. கூடத்தில் முன்வரிசையில் இருந்த வயதான பெண் ஒருவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கவுண்டர் மறுபடி போடச் சொன்னார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று மூன்றாவது முறையும்.

“இது உங்க அப்பா கொரலாங்க?” என்று சூடாமணி அம்மாவைக் கேட்டார்.

“ஆமாம். எங்க அப்பாதான்” என்றார் அவர். உட்கார்ந்தபடியே சொல்ல முடியாமல் எழுந்து நின்றார். “அந்த அம்மா வேண்டாம்னு சொல்லியிருக்கா. அப்பா நிறுத்திட்டேன்னு பொய் சொல்லியிருக்கார். அப்புறம் மனசு கேக்காம எழுதி வச்சிருக்கார்.” நோட்டைப் பிரித்து அந்த இரண்டு வரியைப் படித்தார். “இது தெரியாம நான்தான் வெளில குடுத்துட்டேன். தப்பு எங்காத்துல. அந்த அம்மா பேர்ல ஒண்ணும் இல்லை.”

கவுண்டர் பெண்கள் பக்கம் திரும்பி, கேட்டுக்கிட்டீங்களா என்றார். கேட்டோம் என்றார்கள். ஆண்கள் பக்கமும் கேட்டார். அவ்வளவுதான். பொன்னாயியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வயதான பெண் நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு கவுண்டர் என்னைப் பார்த்தார். “நீங்க எதுக்குங்க அத வெட்டுனீங்க?”

“பாட்டு மட்டும் போதும்னு நெனச்சேங்க.”

“பேசுனதும் அதே பொம்பளதான?”

 

இப்போது ஊரில் உள்ள எல்லா போனிலிருந்தும் அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். என் தொகுப்பிலிருந்து எடுத்தாகிவிட்டது. மேளம் சேர்த்த வீடியோக்கள் பலவற்றைப் புகார் செய்து நீக்க வைத்திருக்கிறேன், ஒன்று போனால் இன்னொன்று முளைக்கிறது, தொடர்ந்து செய்வேன், ஆனால் முழுவதும் திரும்பி வராது என்றேன். நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. அவர் தன் அம்மாவின் அழுகையும் அதில் இருப்பதாகச் சொன்னார். தெரியும் என்றேன். 

அந்த ஊரில் பதிவான கேசட்டுகள் மொத்தம் பதினொன்று. மற்றப் பாட்டுகளை என்ன செய்வது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஒவ்வொரு பாட்டிலும் முதல் இரண்டு வரி மட்டும் போடுவது, போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போடுவது என்று ஏற்பாடு. சாமிப் பாட்டு என்று என் பட்டியலில் இருந்த நான்கையும் போடவே வேண்டாம் என்றார்கள். களையெடுப்புப் பாட்டு ஒன்று வந்தபோது பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாடியவரின் மகள் அங்கேயே இருந்தார், இது எல்லாரும் கேட்கலாம், ஆனால் அம்மா பெயரைப் போட வேண்டும் என்றார். மூன்று ஆண்டுகளாக அது ‘பாடியவர்: ஒரு பெண்’ என்று இருந்தது. ஒரு தாலாட்டில் சிக்கல் வந்தது. பாடியவரின் பிள்ளைகள் திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். போன் பண்ணிக் கேட்கலாமே என்றேன். போனில் கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள், ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது கேட்கவைத்து, யோசிக்கவிட்டுக் கேட்க வேண்டும் என்றார் பொன்னாயி. அதுவரை மூடியே இருக்கட்டும் என்று முடிவானது. திறக்கும் கடவுச்சொல் பொன்னாயி வீட்டிலும் கவுண்டர் வீட்டிலும் இருக்கும். இரண்டு வீடும் சேர்ந்து சொன்னால்தான் எதுவும் வெளியே வரும். என்னிடம் இருக்காது.

சாவுப் பாட்டை என்ன செய்வது என்பதில் ஒரு கருத்து வேறுபாடு. ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருப்பவர், அவரும் அந்த ஊர்க்காரர்தான், அழித்துவிட்டால் நாளைக்கு நம் பிள்ளைகளுக்கே தேவைப்படும்போது இருக்காது, பூட்டி வைத்தால் போதும் என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அழிப்பதற்கு என் கை வராது என்பதும் உண்மை. கவுண்டர் பொன்னாயியைப் பார்த்தார்.

“பாட்டு எங்கிட்ட இருக்கு” என்றார் பொன்னாயி. “கத்துக்கணும்னா எழவுக்கு வந்து பக்கத்துல ஒக்காரட்டும். நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.”

மணி 2.40. மடிக்கணினியில் இருந்ததையும், வன்தட்டில் இருந்ததையும் கூடத்திலேயே அழித்தேன். மூன்றாவது பிரதி இணையச் சேமிப்பில். ஊரில் சிக்னல் இல்லை. சின்னராசு எங்களை ஊருக்கு மேற்கே ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார். அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். பொன்னாயியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். காற்று பலமாக அடித்தது. திரையில் கோப்பு வந்தது. நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. உரிமை பொன்னாயியுடையது என்று நினைத்துப் போனை அவரிடம் நீட்டினேன்.

“நீங்களே அமுக்குங்க” என்றார். “நீங்கதான ஏத்துனீங்க.”

அமுக்கினேன். தொழிலில் நான் தெரிந்தே அழித்த முதல் பதிவு அது. தோள்பையிலிருந்த மூலக் கேசட்டைக் கொடுத்தேன். அவர் அதைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார். அதை என்ன செய்யப்போகிறார் என்று கேட்கவில்லை.

பிறகுதான் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. சூடாமணி அம்மா தன் கூடையைத் திறக்கவில்லை. இலையில் வைத்ததைச் சாப்பிட்டார், இரண்டாம் முறை குழம்பு கேட்டார். கவுண்டர் வீட்டிலிருந்து ஒரு பலாப்பிஞ்சு வந்தது. சூடாமணி அம்மாவுக்குத்தான் என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

கிளம்பும்போது பொன்னாயி தன் போனைக் கொண்டுவந்தார். பட்டன் போன், உள்ளே மெமரி கார்டு. அம்மா பேசுவதை மட்டும் அதில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். பதினொரு கேசட்டில் அவருடைய அம்மா பாடிய பாட்டுகள் ஏழு இருந்தன. திறந்தே வைக்கலாம் என்று அவரே சொன்ன பாட்டுகளும் அவற்றில் உண்டு. அவற்றையும் ஏற்றட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். கார்டை வாங்கி, பேச்சை மட்டும் ஏற்றிக் கொடுத்தேன். அதிலும் அந்த ஆண் குரல் இருக்கிறதே, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். 

“இருக்கட்டும். இனிமே எதையும் எடுக்காதீங்க” என்றார்.

மாலை 4.45 பஸ்ஸில் மலையிறங்கினோம். சூடாமணி அம்மா பலாப்பிஞ்சை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.  துறையூரில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, அப்பாவின் மேல் கோபம் வருகிறதா என்று நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல், “அவர் மறுபடி அந்த ஊருக்குப் போகவே இல்லை. நோட்டுல பாத்தேன். அதுதான் கடைசி” என்றார். அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் போயிருக்கிறார். திரும்பப் போய்ச் சொல்லியிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இருவருக்கும் இப்போது ஓரளவு தெரிந்திருந்தது. 

சத்திரத்தில் இறங்கியபோது மலைக்கோட்டையில் விளக்கு போட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கம் ஆட்டோவில் அவரை ஏற்றிவிட்டேன். வீட்டில் இன்னும் மற்ற ஊர்களில் எடுத்த கேசட்டுகள் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, அவற்றை அனுப்பப்போவதில்லை, நீ வந்து உட்கார், ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கேட்போம், யாரிடம் போக வேண்டுமோ போவோம் என்றார். நேற்றுவரை ‘நீங்கள்’ என்றிருந்தவர் ‘நீ’ என்று அழைத்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை பகல் பஸ்ஸில் சென்னை திரும்பினேன். என் அறையில் பதினான்கு ஆண்டு வேலை அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. குளிர்சாதனம் ஓடுகிறது, தூசியில்லை, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பல மாவட்டங்கள், பல மக்கள், பாட்டும் கதையும். இணையத்தில் இருப்பவை எல்லாம் சுத்தம் செய்யப்பட்டவை. மூலக் கோப்புகள் தனியே இருக்கின்றன, நல்லவேளையாக அவற்றை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பத்து விநாடி, இருபது விநாடி, சிலவற்றில் ஒரு நிமிடம், நான் கேட்காமல் வெட்டிய பேச்சு. 

வெள்ளிக்கிழமை காலை முழுத் தொகுப்பையும் தற்காலிகமாக மூடிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் கோப்பைத் திறந்தேன். ஒரு முதியவர் தண்ணீர் கேட்கிறார். யாரோ கொடுக்கிறார்கள். குடிக்கிற சத்தம். சரி, பாடட்டுமா என்கிறார். பதிவு செய்பவர், பாடுங்க ஐயா என்கிறார். அவ்வளவுதான், அதில் ஒன்றுமில்லை. அதைக் குறித்து வைத்துவிட்டு இரண்டாவதைத் திறந்தேன். அதில் ஒரு பெண், இது எதற்கு, யார் கேட்பார்கள் என்று கேட்கிறாள். பதிவு செய்பவர் பதில் சொல்லவில்லை.